மூன்று வாரத்துக்கு வாத்தியார் வேண்டாம், தம்பி



போன வாரம் நம் பழைய மாணவர் குழுவில் ஒரு செய்தி வந்தது. எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஜெர்மனியில் வேலை பார்க்கும் நம் பையன் ஒருவன், கூட வேலை செய்யும் நண்பர்கள் இரண்டு பேரை அழைத்துக்கொண்டு நம் மலைக்கு வரப்போகிறானாம். விமானத்தில் வந்தால் புகை அதிகம், பூமி கெடும் என்று முடிந்த வரைக்கும் ரயிலிலேயே வருவார்களாம். வந்து மூன்று வாரம் நம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு இலவசமாக இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பார்களாம். கீழே நூற்றுக்கணக்கில் கைதட்டும் பொம்மைகள். "பெருமையா இருக்கு மாப்ளே" என்று என் தங்கை மகனே எழுதியிருக்கிறான். கடைசியில் என்னிடம், "சார், உங்க ஆசீர்வாதம் வேணும்" என்று ஒரு வரி.

தம்பி, உனக்கு என் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. ஆனால் இந்தத் திட்டத்துக்குக் கிடையாது. ஏன் என்று எல்லோர் முன்னாலும் சொல்கிறேன். நீ எல்லோர் முன்னாலும்தானே கேட்டாய்.

முதலில் ரயிலைப் பற்றி. நான் முப்பது வருஷம் சுவரில் உலகப்படம் மாட்டிப் பாடம் நடத்தியவன். ரயில் பயணம் எனக்கும் ஆசைதான். பெர்லினில் ஏறி வியன்னா, புடாபெஸ்ட் வழியாக இஸ்தான்புல் வரைக்கும் ரயில் மாறி மாறி வந்துவிடலாம். அதற்கப்புறம் தண்டவாளம் இருந்தாலும் வழி இல்லை. லாகூருக்கும் அட்டாரிக்கும் நடுவில் 1976இல் ஆரம்பித்த சம்ஜௌதா எக்ஸ்பிரஸ் 2019 ஆகஸ்டோடு நின்றுபோனது. அதனால் நீ எங்கேயாவது விமானம் ஏறித்தான் ஆக வேண்டும். பிறகு டெல்லியில் கேரளா எக்ஸ்பிரஸ் பிடித்தால் சேலத்தில் இறங்கலாம். 2013இல் இருந்து நாமக்கல்லுக்கும் ரயில் உண்டு. அதோடு ரயிலின் வேலை முடிந்தது. காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு. பஸ்தான் ஏற வேண்டும். பஸ்ஸை விட்டு இறங்கினால் நடைதான்.

இந்தக் கடைசித் துண்டுதான் எனக்கு முக்கியம். என் சர்வீஸில் நான் பார்த்த வரைக்கும், வாத்தியார்களை நம் மலை இழந்தது இந்த வளைவுகளில்தான். கீழே குடும்பம், மேலே வேலை. திங்கட்கிழமை முதல் பஸ் தவறினால் பத்தரை மணி. வெள்ளிக்கிழமை மத்தியானமே மனசு அடிவாரத்தில் நிற்கும். மழைக்காலத்தில் ஒரு மரம் விழுந்தால் அன்றைக்குப் பள்ளிக்கூடம் இல்லை. இப்படி மூன்று வருஷம் ஓட்டிவிட்டு மாறுதல் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நம் மலையில் ஊராட்சிக்கே நாடு என்றுதான் பெயர். திண்ணனூர் நாட்டில் பிறந்தவன் வளப்பூர் நாட்டில் பெண் எடுப்பான், சந்தைக்கு இன்னொரு நாட்டுக்குப் போவான். நாடு விட்டு நாடு வருவது நமக்குப் பெரிய அதிசயம் இல்லை. எத்தனை நாடு தாண்டி வந்தாய் என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளை கேட்காது. நாளைக்கும் வருவீர்களா சார் என்றுதான் கேட்கும்.

ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். நம் வீட்டுப் பேச்சு ஒன்று, புத்தகத்துத் தமிழ் ஒன்று. ஜூன் மாதம் சேர்ந்த பிள்ளை ஆகஸ்டு வரைக்கும் வாயே திறக்காது. சிலேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அதன் அம்மா மிளகு பறிக்கப் போனாளா, அப்பன் வேலைக்குக் கீழே இறங்கிவிட்டானா, ராத்திரி சாப்பிட்டதா என்று தெரிந்துகொள்ளவே நமக்கு ஒரு பருவம் ஆகும். அதற்குப் பிறகுதான் 'அ' எழுதும். நீ மூன்று வாரத்தில் பிள்ளைகளின் பெயரைத்தான் படித்து முடிப்பாய். பெயர் மனப்பாடம் ஆகும்போது உன் லீவு முடிந்துவிடும். பிள்ளைகள் உன் பின்னாலேயே ஓடி வந்து பஸ் ஏற்றிவிடும், அழும். நீ அதை அன்பு என்று போட்டோ பிடித்துப் போடுவாய். அன்புதான். ஆனால் மறுநாள் காலையில் அந்த வகுப்புக்குள் போகும் வாத்தியாரைக் கேட்டுப் பார். ஒரு வாரத்துக்குப் பாடம் ஓடாது.

"அப்படியானால் வெளியிலிருந்து யாருமே வரக்கூடாதா?" என்று கேட்பீர்கள். வரலாம். வந்திருக்கிறார்கள். ஜெஸ்ஸி பிராண்ட் என்ற வெள்ளைக்காரரும் அவர் மனைவி ஈவ்லினும் 1913 வாக்கில் இந்த மலைக்கு வந்தார்கள். இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தவர்கள். அன்றைக்கு இந்த 70 வளைவு கிடையாது. நடந்தோ டோலியிலோதான் ஏற வேண்டும். வைத்தியம் பார்த்தார்கள், பள்ளிக்கூடம் வைத்தார்கள். 1929இல் அவர் இங்கேயே காய்ச்சலில் இறந்துபோனார். பின்னாளில் வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்து உலகப் பெயர் வாங்கிய டாக்டர் பால் பிராண்ட் இவர்கள் மகன்தான். 1914இல் பிறந்தவர். அந்த அம்மாவோ, வயதாகிவிட்டது, போதும் என்று அனுப்பியவர்களே சொன்ன பிறகும் திரும்ப மலைக்கு வந்து தங்கினார். 1974இல் 95 வயதில் இறந்தார். அவர்கள் மதம் பரப்ப வந்தவர்கள். அதில் எனக்கு வேறு கருத்து உண்டு, அதை இங்கே பேசவில்லை. ஆனால் அவர்கள் எவ்வளவு தூரம் வந்தார்கள் என்று எங்கள் தாத்தா பாட்டி ஒரு நாளும் சொன்னதில்லை. இருந்தார்கள் என்றுதான் சொன்னார்கள்.

இன்னொரு பக்கமும் பாருங்கள். கொரோனாவில் பள்ளிக்கூடம் மூடி, பிள்ளைகள் எழுத்தை மறந்துபோன காலம். 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி என்று அரசாங்கம் ஆரம்பித்தது. அதில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் அந்தந்த ஊர்ப் பெண்கள். சாயங்காலம் ஒன்றரை மணி நேரம், வாசலிலும் திண்ணையிலும், இருபது பிள்ளைகளை வைத்துக்கொண்டு. மாதம் 1000 ரூபாய். எங்கள் தெருவில் ஒரு பெண், கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, சோலார் விளக்கில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தாள். ஒரு பருவம் முழுக்க ஒரு நாள் தவறவில்லை. அவள் எந்தக் கண்டத்தையும் தாண்டவில்லை. வாசல்படியைத்தான் தாண்டினாள். நம் குழுவில் அவளுக்கு எத்தனை பேர் கை தட்டினோம்? நானும் தட்டவில்லை. அந்த வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

அதோடு, சும்மா வந்து சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கிறது என்று ஆகிவிட்டால், சம்பளம் கொடுத்து வாத்தியார் போட வேண்டும் என்ற கோரிக்கைக்கு வலு போய்விடும். 2009ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டப்படி, தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரைக்கும் இரண்டு வாத்தியார். ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர். அதில் ஒருவருக்குப் பயிற்சி, ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் என்ன ஆகும்? மலையில் ஒரு பணியிடம் காலி என்றால் பாதிப் பள்ளிக்கூடம் காலி என்று அர்த்தம். அந்தக் காலியிடத்தில் மூன்று வாரம் ஒரு விருந்தாளி உட்கார்ந்தால் அது நிரம்பியது போலத் தெரியும். நிரம்பாது.

இப்போது என் கதை. நான் இந்த மலைக்காரன். உண்டு உறைவிடப் பள்ளியில் படித்து, ஆசிரியர் பயிற்சி முடித்து, 1984இல் இதே திண்ணனூர் நாட்டில் வேலைக்குச் சேர்ந்தவன். 1993இல் என் பிள்ளைகள் கீழே நல்ல பள்ளிக்கூடத்தில் படிக்க வேண்டும் என்று மாறுதல் வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டேன். ஆறு வருஷம். அதில் ரொம்ப நாள் என் இடத்துக்கு ஆள் வரவில்லை. ஒரே வாத்தியார் ஐந்து வகுப்பையும் கட்டி மேய்த்தார். நான் போகும்போது நான்காம் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை இருந்தது. கணக்கில் புலி. நான் திரும்பி வந்தபோது அதற்குக் கல்யாணம் ஆகிக் கையில் குழந்தை.

போன வருஷம் செம்மேட்டில் பேங்கில் அந்தப் பிள்ளையைப் பார்த்தேன். பிள்ளை என்ன, இப்போது பாட்டி. என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. "சார், நல்ல வேளை வந்தீங்க. இந்த சீட்ட எழுதிக் குடுங்க" என்று பணம் எடுக்கும் சீட்டை நீட்டியது. எழுதிக் கொடுத்தேன். எவ்வளவு ரூபாய் என்றேன். மனசுக்குள்ளேயே கூட்டிக் கழித்து, மகனுக்கு இவ்வளவு, உரத்துக்கு இவ்வளவு, மிச்சம் இவ்வளவு இருக்க வேண்டும் என்று மளமளவென்று சொன்னது. கணக்கு அப்படியே இருக்கிறது. எழுத்துதான் போய்விட்டது. ஒரு வார்த்தை என்னைக் குறை சொல்லவில்லை. குறை சொல்லியிருந்தால் தேவலை.

என் பிள்ளைகள் படித்து நன்றாக இருக்கிறார்கள். அதற்கு யார் விலை கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் மாறுதல் வாங்கிப் போனவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை என்றேன். அதனால்தான் வந்து போகிறவர்களைக் கண்டாலும் எனக்குப் பயம்.

சரி, நீ என்ன செய்யலாம்? வா. தாராளமாக ரயிலில் வா. நண்பர்களையும் கூட்டி வா. அறப்பளீஸ்வரர் கோயிலையும் ஆகாய கங்கையையும் காட்டு. என் வீட்டில் தங்குங்கள், உன் அத்தை சாமைச் சோறு ஆக்கிப் போடுவாள். அதற்குச் சுற்றுலா என்றே பெயர் வை. அதில் ஒரு கேவலமும் இல்லை. சேவை என்று மட்டும் சொல்லாதே.

சேவைதான் செய்ய வேண்டும் என்றால், ஜூன் மாதம் வந்து ஏப்ரல் வரைக்கும் இரு. ஒரு முழு வருஷம், ஒரே வகுப்பு. முடியாதா? அப்படியானால் பள்ளி மேலாண்மைக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று விசாரி. முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும் என்பது சட்டம். அவர்களுக்கு மனு எழுதத் தெரியாது, உனக்குத் தெரியும். எந்தப் பள்ளியில் எத்தனை இடம் காலி என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேள். பதில் வரும் வரை விடாதே. மலையில் வேலை பார்க்கும் வாத்தியார் குடும்பத்தோடு தங்க ஒரு நல்ல வீடு வேண்டும் என்று நாம் இத்தனை பேர் சேர்ந்து கேட்டிருக்கிறோமா? அதைக் கேட்போம். இதற்கு லைக் வராது.

தம்பி, உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. நான்காம் வகுப்பில் நீ முதல் பெஞ்சில் உட்கார்ந்து உலகப்படத்தையே பார்த்துக்கொண்டிருப்பாய். ஆசையை ஊட்டியது நான்தான். இப்போது அந்தப் படத்தில் ஊசி முனை அளவுக்குக்கூட இல்லாத நம் ஊரையும் கொஞ்சம் பார் என்கிறேன்.

கோபம் இருந்தால் போன் பண்ணித் திட்டு. வளைவு ஏறும்போது சிக்னல் இருக்காது. மேலே வந்ததும் எடுப்பேன்.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்
திண்ணனூர் நாடு, கொல்லிமலை