அரசு வக்கீல் வந்தால் வழக்கு தோற்குமா?

பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்து, காவல் நிலையம் போகலாமா என்று ஒரு குடும்பம் தவித்துக்கொண்டிருக்கும்போதே புத்திமதி வந்துவிடுகிறது: “கவர்மெண்ட் வக்கீலை நம்பினா கேஸ் நிக்காது. காசு இருந்தா தனியா வக்கீல் வைங்க. இல்லேன்னா பேசி முடிச்சிடுங்க.” சென்னையை ஒட்டிய மேடவாக்கத்தில் மட்டுமல்ல, ஊர் முழுக்க இதே பேச்சு. அக்கறையோடு சொல்லப்படும் இந்தப் பேச்சு, கடைசியில் கொடுமை செய்தவனைத்தான் காப்பாற்றுகிறது.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் கீழ் வரும் வழக்கை நடத்துபவர் சிறப்பு அரசு வழக்கறிஞர். குறைந்தது 7 ஆண்டுகள் வழக்கறிஞராக இருந்தவரையே நியமிக்க முடியும். குடும்பம் தனி வக்கீல் வைக்கலாம். ஆனால் அவர் துணைக்குத்தான் நிற்க முடியும், வழக்கைத் தன் கையில் எடுக்க முடியாது. பாதிக்கப்பட்டவரின் வக்கீல் தனியாகக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது என்று 2019இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. நகையை அடகு வைத்துக் கட்டணம் கட்டினாலும் வழக்கை நடத்தப்போவது அரசு வழக்கறிஞர்தான். அவருக்கு நீங்கள் ஒரு ரூபாயும் தர வேண்டாம்.

பிறகு வழக்கு எங்கே சாய்கிறது? மாஜிஸ்திரேட்டிடம் நடந்ததை நடந்தபடி சொன்ன பிள்ளை, விசாரணை நாளில் ‘எதுவும் நடக்கல’ என்கிறாள். இடைப்பட்ட மாதங்களில் உறவினர்களும் வீட்டுக்காரரும் பேசிப் பேசிக் கரைத்திருக்கிறார்கள். தாயும் பிறழ் சாட்சி ஆகிறார். அதன்பின் எந்த வக்கீல் வந்து என்ன வாதாடுவது?

குடும்பம் உறுதியாக நின்றால் நடப்பதே வேறு. பிள்ளையை எதிர்த்தரப்பு வக்கீல் நேராகக் கேள்வி கேட்க முடியாது. நீதிபதி வழியாகத்தான் கேட்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவன் அவள் கண்ணில் படக் கூடாது. அவமானப்படுத்தும் கேள்வி வந்தால் உடனே எழுந்து ஆட்சேபிக்க வேண்டியவர் அரசு வழக்கறிஞர். சென்னை அயனாவரத்தில் செவித்திறன் குறைந்த சிறுமியைச் சீரழித்த வழக்கில் 2020 பிப்ரவரியில் 15 பேர் தண்டிக்கப்பட்டார்கள். போக்சோ வழக்கு இல்லையென்றாலும், 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவிக்கு நேர்ந்த கொடுமை வழக்கிலும் அரசுத் தரப்பில்தான் மேரி ஜெயந்தி வாதாடினார். 11 குற்றச்சாட்டுகளும் நிரூபணமாகி, 2025 ஜூன் 2 அன்று 30 ஆண்டுகளுக்குக் குறையாத ஆயுள் தண்டனை வந்தது. அந்த மாணவி புகாரில் உறுதியாக நின்றார். புலனாய்வும் வேகமாக நடந்தது.

அரசு வழக்கறிஞர்களுக்கு வேலைப்பளு அதிகம் என்பது உண்மை. சாட்சி சொல்லும் நாளுக்கு முன் பிள்ளையோடு உட்கார்ந்து பேச அவர்களுக்கு நேரம் வேண்டும். அப்படியானால் கூடுதல் வழக்கறிஞர்களை நியமிக்கச் சொல்லி அரசைக் கேட்போம். புகாரை வாபஸ் வாங்கு என்று தாயிடம் சொல்வது அதற்கு மருந்தல்ல.

மேடவாக்கத்திலிருந்து பஸ்ஸில் தாம்பரம், அங்கிருந்து ரயிலில் செங்கல்பட்டு நீதிமன்றம். ஒவ்வொரு வாய்தாவுக்கும் அந்தத் தாய் ஒரு நாள் கூலியை இழக்கிறார். உதவ நினைப்பவர்கள் புத்திமதியை நிறுத்திவிட்டு அவரோடு நீதிமன்றத்துக்குப் போங்கள். குழந்தைகள் உதவி எண் 1098ஐ அழைக்கச் சொல்லுங்கள். வழக்கு நிற்க வேண்டுமானால் முதலில் சாட்சி நிற்க வேண்டும். அவரைத் தாங்கும் கடமை அக்கம்பக்கத்தில் இருக்கும் நமக்குத்தான்.