நெடுநாள் வழக்கும் நெடுநாள் பாதுகாப்பும்

“முன்னோர் ஆயிரம் ஆண்டுகளாக உண்டதுதானே, இதனால் என்ன தீங்கு வந்துவிடும்?” மாதக்கணக்கில் விழுங்கப்படும் மூலிகை மாத்திரைகளைப் பற்றிப் பேச்செடுத்தால், ஐதராபாத்தின் ஆய்வுக்கூடங்களிலும் மாணவர் விடுதிகளிலும் இந்தக் கேள்வியே விடையாக வருகிறது. மரபை இகழாமலேயே இதனை ஆராய்ந்து பார்க்கலாம்.

நெடுங்கால வழக்கு, உண்டவுடன் தோன்றும் தீங்கை நன்றாகவே காட்டிக்கொடுக்கும். வாந்தியும் மயக்கமும் எவர் கண்ணுக்கும் தப்பா. ஆனால் பல ஆண்டுகள் கழித்து வரும் சிறுநீரகச் செயலிழப்பை, என்றோ உண்ட வேருடன் எவர் இணைத்துப் பார்ப்பார்? பெல்ஜியத்தில் உடல் இளைப்பதற்காகச் சீன மூலிகை மாத்திரை உட்கொண்ட பெண்களுக்குச் சிறுநீரகம் பழுதானது 1993-இல் மருத்துவ இதழில் வெளிவந்த பின்னரே, அரிஸ்டோலோக்கியா இனச் செடிகளின் நஞ்சு உலகின் கவனத்தைப் பெற்றது. அவர்களுள் சிலருக்குப் பின்னாளில் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் கண்டது. சித்த மருத்துவத்தில் வழங்கும் ஆடுதின்னாப்பாளையும் அவ்வினத்தைச் சேர்ந்ததே.

நம் நாட்டுச் சான்று இன்னும் அண்மையது. கொரோனாக் காலத்தில் நோய் எதிர்ப்பாற்றலுக்கென்று பலர் சீந்திலை உண்டனர். அதன்பின் கல்லீரல் பாதிப்புற்ற 43 பேரைப் பற்றி, இந்தியாவின் 13 மருத்துவ மையங்கள் இணைந்து 2022-இல் ஓர் ஆய்வை வெளியிட்டன. உண்ணத் தொடங்கியதிலிருந்து அறிகுறி தோன்றுவதற்கான இடைநிலைக் காலம் 46 நாள். இதற்கு முன்னர் மும்பையிலிருந்து வந்த அறிக்கையை ஆயுஷ் அமைச்சகம் 2021-இல் மறுத்தது. சீந்திலை ஒத்த வேறு செடி கலந்திருக்கலாம் என்றது. அதனை ஏற்றுக்கொண்டாலும் உண்பவரின் இடர் குறைவதில்லை. எந்தச் செடி என்று உறுதி செய்ய இயலாத பொருளை நாள்தோறும் உண்பது எங்ஙனம் பாதுகாப்பாகும்?

அளவும் வடிவமும் மாறிவிட்டதை நாம் கவனிப்பதில்லை. நிஜாமாபாத் மஞ்சள் குழம்பில் ஒரு சிட்டிகை சேர்வது வேறு. அதன் குர்குமினைப் பிரித்துச் செறிவாக்கி, மிளகின் பைப்பரினுடன் மாத்திரையாக்குவது வேறு. பைப்பரின் சேர்ந்தால் மனித உடலில் குர்குமின் கிடைப்பளவு 20 மடங்காவதை 1998-இலேயே பெங்களூரு ஆய்வாளர்கள் காட்டினர். விற்பனையாளர் இதனைச் சிறப்பாக விளம்பரம் செய்கின்றனர். மருந்தியல் பயின்றவருக்கு இது எச்சரிக்கையாகவும் ஒலிக்க வேண்டும். உடலில் சேரும் அளவு பன்மடங்கானபின், சமையலறை அனுபவம் அந்த மாத்திரைக்குச் சான்றாக நிற்காது.

மரபோ வரம்பின்றி உண்ணச் சொல்லவில்லை. ஒரு மண்டலம், அனுபானம், பத்தியம், நாடி பார்க்கும் மருத்துவர் என்று அது கட்டுப்பாடுகளை வகுத்தது. இன்றைய புட்டியில் மூலிகை மட்டும் எஞ்சியிருக்கிறது, கட்டுப்பாடுகள் உதிர்ந்துவிட்டன. எத்தனை நாளில் நிறுத்த வேண்டும் என்பதை அதில் தேடியும் காண்பது அரிது. சட்டமும் நெகிழ்வாகவே உள்ளது: பழைய நூல்களில் கூறியபடி செய்யும் மருந்துக்கு, விதி 158-பி தனிப் பாதுகாப்பு ஆய்வைக் கோருவதில்லை.

“ஆங்கில மருந்துகளும் கல்லீரலைக் கெடுக்கின்றனவே” என்பர். உண்மைதான். காசநோய் மருந்துகள் அதற்குப் பெயர்பெற்றவை. ஆனால் அந்தத் தீங்கு அறியப்பட்டிருப்பதனால் மருத்துவர் குருதிப் பரிசோதனையால் அதைக் கண்காணிக்கிறார். தானே வாங்கி உண்ணும் மூலிகைக்கு அந்தக் காவல் இல்லை.

தார்நாகாவிலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், உடற்கட்டுக்காகப் புரதப்பொடி உண்பதைத் தவிர்க்குமாறு தெளிவாகக் கூறியது. மூலிகை மாத்திரைகளுக்கும் அத்தகைய தெளிவு வேண்டும். செடியின் தாவரப் பெயரும், செறிவும், உட்கொள்ளத்தக்க உச்ச நாள்களும் புட்டியில் அச்சிடப்பட வேண்டும். மருத்துவர் ஒவ்வொரு நோயாளியிடமும் மூலிகை உண்கிறாரா என்று கேட்க வேண்டும். ஐயத்திற்குரிய பாதிப்புகள் மருந்துக் கண்காணிப்பு மையங்களுக்குச் சென்றுசேர வேண்டும். மூலிகையின் நற்பயனைத் தேடும் ஆய்வேடுகள் நம்மிடையே ஏராளம். ஓராண்டு தொடர்ந்து உண்டால் என்னாகும் என்று கேட்கும் ஆய்வேடுகளே இனி நாம் எழுத வேண்டியவை.