வீடு கட்ட ரூ.3½ லட்சம்: பேஸ்மட்டம் வரைக்கும் கடன் கொடுப்பது யார்?

குடிசை இல்லாத தமிழகம் என்ற பேச்சு எந்த ஆட்சி வந்தாலும் வருகிறது. தொகையும் ஏறிக்கொண்டே போகிறது. ஆனால் கிராமத்து கூலித்தொழிலாளிக்கு தொகை மட்டும் பிரச்சினை இல்லை. அந்தப் பணம் எப்போ கைக்கு வரும் என்பதுதான் பிரச்சினை.

2010-ல் கலைஞர் வீடு வழங்கும் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு ரூ.75 ஆயிரம் கொடுத்தார்கள். 2011-ல் ஆட்சி மாறியது, பசுமை வீடு வந்தது. 300 சதுர அடி, சோலார் விளக்கோடு சேர்த்து ரூ.1 லட்சத்து 80 ஆயிரம். 2024-ல் கலைஞர் கனவு இல்லம் அறிவித்தபோது அது ரூ.3½ லட்சம் ஆனது. 2030-க்குள் 8 லட்சம் கான்கிரீட் வீடுகள் என்பது அப்போது சொன்ன கணக்கு.

மத்திய அரசு கதை வேறு. பிரதமரின் ஊரக வீட்டு வசதி திட்டத்துக்கு 2016-ல் சமவெளிப் பகுதியில் ரூ.1 லட்சத்து 20 ஆயிரம் என்று வைத்தார்கள். 2024-ல் திட்டத்தை நீட்டித்தபோதும் அதே தொகைதான். கம்பி விலையும் கொத்தனார் கூலியும் 8 வருஷம் அப்படியே நிற்குமா என்ன? மேற்கூரைக்கு மாநில அரசு தனியாக பணம் போட்டதால்தான் இங்கே கான்கிரீட் தளம் போட முடிந்தது.

சரி, பட்டியலில் பெயர் வந்தாச்சு. உடனே பணம் வந்ததா என்றால் இல்லை. கனவு இல்லத்தில் பேஸ்மட்டம் எழும்பி, ஓவர்சியர் பார்த்து, போட்டோ எடுத்த பிறகுதான் முதல் தவணை. அதுக்குள் பழைய குடிசையை பிரித்தாகணும். குடும்பம் அதே மனையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கும். முதல் லோடு ஜல்லிக்கும், கொத்தனார் அட்வான்சுக்கும் அன்றாடங்காய்ச்சி எங்கே போவார்? வட்டிக்குத்தான். நடுவில் மழை பிடித்தால் தவணை தள்ளிப்போகும், வட்டி தள்ளிப்போகாது.

இதுவும் பட்டா உள்ளவர்களுக்குத்தான். ஏரிக்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் இருப்பவர்கள் கணக்கிலேயே வரமாட்டார்கள். அவர்களுக்கு 2007-ம் ஆண்டு ஏரி பாதுகாப்பு சட்டப்படி காலி செய்யச் சொல்லி நோட்டீஸ்தான் வரும். அங்கே பட்டா கொடுக்க வழியில்லை. மாற்று இடம் கொடுத்தால்தான் உண்டு. இடம் வருவாய்த்துறை கையில், வீடு ஊரக வளர்ச்சித்துறை கையில். பி.டி.ஓ. ஆபீசுக்குப் போனால் தாலுகா ஆபீசைக் காட்டுவார்கள்.

மொத்த தொகையை கூட்டாவிட்டாலும் பரவாயில்லை. அதில் ஒரு பங்கை பேஸ்மட்டத்துக்கு முன்னாடியே முன்பணமாகக் கொடுத்தால் கந்துவட்டிக்காரர் வாசலுக்கு போகிற வேலை இருக்காது.