சிரிச்சா துரோகமா பாஸ்?

பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சதும் பந்தலைப் பிரிச்சுடுவாங்க. வாடகை நாற்காலியெல்லாம் வண்டியேறிப் போயிடும். சொந்தக்காரங்க ஊருக்குக் கிளம்பிடுவாங்க. மறுநாள் காலையில காலேஜ் பஸ் வழக்கம்போல தெருமுனைக்கு வந்து ஹார்ன் அடிக்கும். அப்பாவைப் பறிகொடுத்த பதினெட்டு வயசுப் பையனுக்கு நிஜமான துக்கம் அன்னைக்குத்தான் ஆரம்பிக்குது.

அவன் உள்ளே நுழைஞ்சதும் கிளாஸே அமைதியாகிடும். 'என்ன பேசறதுன்னே தெரியலை மச்சி'னு ஃப்ரெண்ட்ஸ் ஒதுங்குவாங்க. ஸ்காலர்ஷிப் ஃபாரத்துல அப்பா பேருக்கு முன்னாடி முதல் தடவையா 'லேட்'னு எழுதும்போது கை அப்படியே நின்னுடும். இதைக்கூடத் தாங்கிக்கலாம். மூணு மாசம் கழிச்சு கேன்டீன்ல எவனோ அடிச்ச கடி ஜோக்குக்கு வாய்விட்டுச் சிரிச்சுடுறான் பாருங்க... அங்கேதான் சிக்கல். 'அப்பா போய் நூறு நாள்கூட ஆகலை. நான் என்ன ஜென்மம்?'னு தனக்குத்தானே கேட்டுக்குவான். போதாக்குறைக்கு அந்த நேரம் பார்த்து ஒரு பொண்ணையும் பிடிச்சுப் போச்சுன்னா... ராத்திரி தூக்கமே போச்சு!

அந்தக் குடைச்சலைப் பத்திதான் இந்த வாரம் பேசப்போறோம்.

'துக்கத்துக்கு அஞ்சு படி இருக்கு. மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு'னு எங்கேயாவது படிச்சிருப்பீங்க. எலிசபெத் கூப்ளர் ராஸ் என்கிற மனநல மருத்துவர் 1969-ல் எழுதின புத்தகத்துல வந்தது இது. ஆனா, அவர் பேசிப் பார்த்தது மரணத்தை எதிர்நோக்கியிருந்த நோயாளிகள்கிட்ட. இழந்துட்டு நிக்கிறவங்களுக்கு அதைப் பொருத்தினது பின்னாடிதான். அதனால, 'மூணாவது படியில அரியர் வெச்சிருக்கேனோ'னு யாரும் கவலைப்பட வேண்டாம். துக்கத்துக்கு சிலபஸ் கிடையாது.

1999-ல் நெதர்லாந்துல மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷூட்னு ரெண்டு ஆய்வாளர்கள் வேற மாதிரி சொன்னாங்க. மனசு ஊஞ்சல் மாதிரி ஆடுமாம். ஒரு பக்கம் இழப்பு: அழுகை, ஞாபகம், பழைய போட்டோ. மறுபக்கம் வாழ்க்கை: பரீட்சை, பேங்க் வேலை, புது சிநேகிதம். ரெண்டு பக்கமும் போய்ப் போய் வர்றதுதான் ஆரோக்கியம். ஆக, மத்தியானம் கேன்டீன்ல சிரிச்சவன் ராத்திரி மொட்டை மாடியில அழுதா, ரெண்டுமே நிஜம்தான். ரெண்டுல எதுவும் நடிப்பு இல்லை.

போனவரை மறந்தாதான் புது உறவுக்கு இடம் கிடைக்கும்னு ஒரு கணக்கு இருக்கே, அதுவும் தப்பு. செத்துப்போனவங்களோட உறவு முடிஞ்சுடறதில்லை, வேற ரூபத்துல கூடவே வருதுன்னு 1996-லேயே ஆய்வாளர்கள் எழுதிட்டாங்க. நம்ம சினிமாவையே பாருங்களேன். 'மௌன ராகம்' (1986) திவ்யாவும் சரி, 'வாரணம் ஆயிரம்' (2008) சூர்யாவும் சரி, பழைய காதலை அழிச்சுட்டா புதுசை எழுதினாங்க? இல்லையே! ரெண்டு பேருக்கும் நேரம் தேவைப்பட்டுச்சு. ரெண்டு பேருக்கும் காத்திருக்கத் தெரிஞ்ச ஒருத்தர் கிடைச்சாங்க.

அந்த 'காத்திருக்கத் தெரிஞ்ச'தான் முக்கியம் பாஸ். துக்கம் பச்சையா இருக்கும்போது, கையைப் பிடிக்கிறவங்க எல்லாம் தெய்வமாத் தெரிவாங்க. அதனால அவசரம் வேண்டாம், முதல்ல நட்பாவே இருக்கட்டும். உங்க அப்பாவைப் பத்தி அந்தப் பொண்ணுகிட்ட தயங்காமப் பேச முடியுதா? திவசத்தன்னைக்கு நீங்க 'உம்'முனு இருந்தா கோவிச்சுக்காம இருக்காளா? மத்த ஃப்ரெண்ட்ஸ்கிட்டேயிருந்து உங்களைப் பிரிக்காம இருக்காளா? அப்படின்னா நல்ல துணைதான். பொண்ணுங்களும் இதே கேள்விகளை அவன் விஷயத்துல கேட்டுப் பாருங்க.

இன்னொண்ணு. அப்பா, ஃப்ரெண்ட், டாக்டர் எல்லா வேலையையும் ஒருத்தர் தோள்லேயே ஏத்தாதீங்க. நாளைக்கு அந்தத் தோள் விலகிட்டா, அது ரெண்டாவது இழப்பு.

ஃப்ரெண்ட்ஸுக்கும் ஒரு வார்த்தை. 'ஸ்ட்ராங்கா இரு', 'இனி நீதான்டா வீட்டுக்கு ஆம்பளை' ரெண்டும் வேண்டவே வேண்டாம். அவன் விட்ட நோட்ஸை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுங்க. மெஸ்ல பக்கத்துல உட்காருங்க. 'உங்கப்பா எப்படிடா இருப்பாரு?'னு கேளுங்க, அவனே பேசுவான். முதல் தீபாவளிக்கு அந்த வீட்ல கொண்டாட்டம் இருக்காது. அன்னைக்கு அரை மணி நேரம் போய் உட்கார்ந்துட்டு வாங்க, போதும்.

வாரக்கணக்கா சாப்பாடு, தூக்கம் இல்லாம, 'நானும் போயிடலாமா'னு தோணுச்சுன்னா மட்டும் தள்ளிப்போடாதீங்க. நம்பிக்கையான ஒருத்தர்கிட்ட உடனே சொல்லுங்க. 14416-க்கு போன் பண்ணுங்க. 2022 அக்டோபர்ல மத்திய அரசு தொடங்கின 'டெலி மானஸ்' சேவை அது. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழ்லேயே பேசலாம்.

ஒரு விஷயம் கவனிச்சிருக்கீங்களா? இழப்பு நடந்த வீட்ல பிள்ளை மனசு நோகக் கூடாதுன்னு அம்மா சிரிக்கிறதில்லை. அம்மா மனசு நோகக் கூடாதுன்னு பிள்ளை சிரிக்கிறதில்லை. யாராவது ஒருத்தர் ஆரம்பிக்கணும். இன்னைக்கு கேன்டீன்ல கேட்ட அந்தக் கடி ஜோக்கை ராத்திரி சாப்பாட்டு நேரத்துல அம்மாகிட்ட சொல்லிப் பாருங்க. மொக்கையா இருந்தாலும் பரவாயில்லை!