ட்ரிப் சுவிட்ச் இருக்கு, எர்த் எதுக்கு?

திருகோணமலையில் வீடு கட்டுகிற பலர், வயரிங் செலவைக் குறைக்க நினைத்ததும் முதலில் கைவைப்பது எர்த்தில்தான். உப்புவெளியில் கேட்டாலும் கிண்ணியாவில் கேட்டாலும் சொல்லும் நியாயம் ஒன்றுதான்: "ட்ரிப் சுவிட்ச் போட்டாச்சு. கரண்ட் கசிஞ்சா அது விழுந்திடும். பிறகு எர்த் எதுக்கு?"

கேட்கச் சரியாகத்தான் படும். ஆனால் இது பிழை, அதுவும் ஆளைக் கொல்லக்கூடிய பிழை.

ட்ரிப் சுவிட்ச் என்ன செய்கிறது என்று பார்ப்போம். கம்பத்தில் இருந்து நம் வீட்டுக்கு வருவது லைவ், நியூட்ரல் என்ற இரண்டு கம்பிகள் மட்டுமே. லைவில் போகும் மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்பி வருவதும் சமமாக இருக்கும்வரை ட்ரிப் சுவிட்ச் சும்மா இருக்கும். இரண்டுக்கும் இடையில் 30 மில்லி அம்பியர் அளவு வித்தியாசம் வந்தால் விழுந்துவிடும். அதற்குத் தெரிந்தது அந்தக் கணக்கு ஒன்றுதான்.

இப்போது கிணற்றடிக்கு வாருங்கள். தண்ணீர் மோட்டாரின் உள்ளே வயர்ச் சுற்றின் காப்பு கெட்டு, லைவ் இரும்பு உடலில் தொட்டுவிட்டது. எர்த் இருந்தால் அந்தக் கணமே மின்னோட்டம் மண்ணுக்குள் ஓடும், கணக்கு பிசகும், ட்ரிப் விழும். அப்போது கிணற்றடியில் ஆள் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. எர்த் இல்லாவிட்டால் மின்னோட்டத்துக்குப் போக வழி கிடையாது. கணக்கு சமமாகவே இருக்கும், ட்ரிப்பும் மேலேயே நிற்கும். மோட்டாரின் உடல் மட்டும் 230 வோல்ட்டில் இருக்கும். ஈரக்காலோடு வந்து அதைத் தொடுகிற முதல் ஆள்தான் மண்ணுக்கு வழியாகிறார். அவர் உடம்பால் மின்னோட்டம் பாய்ந்த பிறகுதான் ட்ரிப் விழும்.

"அப்ப விழுதுதானே, ஆள் தப்பிடும்" என்பார்கள். பெரும்பாலும் தப்பலாம். நல்ல நிலையில் உள்ள ட்ரிப் சுவிட்ச், பெரிய கசிவு என்றால் ஒரு செக்கனின் 25இல் ஒரு பங்குக்குள் விழுந்துவிடும். ஆனால் அந்த அதிர்ச்சியில் கிணற்றுக் கட்டில் தடுமாறி விழுகிறவரை அது பிடிக்காது. கடல் காற்றில் வருடக்கணக்காக இருந்து உள்ளே இறுகிப்போயிருந்தால் விழவும் விழாது. அப்போது அந்த ஆளுக்கு வேறு காவலே இல்லை.

இன்னொரு பதிலும் வரும்: "மாசா மாசம் ட்ரிப் சுவிட்சில இருக்கிற டெஸ்ட் பட்டனை அமத்திப் பாக்கிறன், விழுது." அமத்துவது நல்ல பழக்கம், விடக்கூடாது. ஆனால் அந்தப் பட்டன், சுவிட்சுக்குள்ளேயே ஒரு சின்ன மின்தடை வழியாகக் கணக்கைப் பிசகச் செய்கிறது. சுவிட்ச் வேலை செய்கிறதா என்று மட்டும் அது சொல்லும். வீட்டில் எர்த் கம்பியே இல்லாவிட்டாலும் பட்டனை அமத்தினால் ட்ரிப் விழத்தான் செய்யும். அதை எர்த்துக்கும் சேர்த்துச் சான்றாக எடுப்பதுதான் இந்த ஊரில் நான் பார்க்கும் பெரிய ஆபத்து.

எதிர்ப்பக்கத்தில் நிற்கும் பழைய ஆட்களின் வாதமும் சரியில்லை. "எர்த்தும் பிரேக்கரும் போதும், ட்ரிப் வீண் தொல்லை" என்பது அவர்கள் கட்சி. கணக்குப் போடுவோம். வளவில் இறக்கிய எர்த் ராடின் மின்தடை 100 ஓம் என்றால், 230 வோல்ட்டில் அதன் வழியே ஓடுவது 2.3 அம்பியர்தான். 16 அம்பியர் பிரேக்கருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. வீட்டுக்குப் போடும் சாதாரண பிரேக்கர் உடனே விழ அந்த 16 அம்பியரைப்போல மூன்று முதல் ஐந்து மடங்கு, அதாவது 80 அம்பியர் வரை வேண்டும். அதற்கு எர்த் 3 ஓமுக்கும் குறைவாக இருக்க வேண்டும். கடற்கரை மணலில் ஒரு வீட்டு ராடுக்கு அது எட்டாத கனவு. அதே 100 ஓம் எர்த்தோடு ட்ரிப் சுவிட்ச் இருந்தால், 30 மில்லி அம்பியர் ஓடும்போது மோட்டார் உடலில் ஏறுவது வெறும் 3 வோல்ட். ஆகவே எர்த்தும் ட்ரிப்பும் சோடியாகத்தான் காக்கும்.

"லண்டனில தம்பி வீட்டில ராடே இல்லை" என்பதும் அடிக்கடி கேட்கும் பேச்சு. உண்மைதான். அங்கே பெரும்பாலான வீடுகளுக்கு மின்சாரத்தோடு எர்த்தையும் கம்பனியே கொடுத்துவிடுகிறது. இங்கே நம் எர்த் நம் வளவுக்குள்தான் தொடங்குகிறது.

"கடலுக்குப் பக்கம், மண் ஈரம், எர்த் தானா நல்லா இருக்கும்" என்பதை நிலாவெளிப் பக்கம் நம்பிக்கையோடு சொல்வார்கள். வாடை மழைக் காலத்தில் அது சரி. மே மாதம் தொடங்கிக் கச்சான் காற்று வீசும் மாதங்களில் மேல் மணல் பொரிந்து காய்ந்து கிடக்கும். காய்ந்த மணல் மின்சாரத்தைச் சுலபமாக விடாது. மூன்றடி ராட் அந்தக் காய்ந்த மணலுக்குள்ளேயே நின்றுவிடும். ஈரமண்ணைத் தொடும் ஆழத்துக்கு இறக்க வேண்டும். பாறை மேட்டு வளவில் ஒன்று போதாவிட்டால், ராடின் நீளமளவு இடைவெளி விட்டு இரண்டாவதை இறக்கி இணைக்க வேண்டும். உப்புக்காற்று இன்னொரு வேலையும் செய்யும். ராடின் தலையில் வயரைப் பிடித்திருக்கும் கிளாம்பை ஒருமுறை குனிந்து பாருங்கள். பச்சை பூத்து, கையால் அசைத்தால் ஆடுகிற கிளாம்ப் பல வளவுகளில் உண்டு. அது எர்த் இல்லாததற்குச் சமம்.

"மின்சார சபை கனெக்சன் தந்திட்டுது, சரியில்லாட்டித் தருவாங்களா?" இணைப்புத் தருவதற்கு முன் பரிசோதனை அறிக்கை கேட்பார்கள். அந்த அறிக்கை அந்த நாளின் நிலையைத்தான் சொல்கிறது. மீற்றருக்கு இந்தப் பக்கம் நடப்பதெல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு.

சுவரில் எல்லாம் ஒழுங்காக இருந்தாலும் சில வீடுகளில் எர்த் பிளக்கடியிலேயே அறுந்துவிடுகிறது. இப்போது நாட்டின் நியமமாக இருக்கும் 13 அம்பியர் சதுர பிளக்கில் மேலே இருக்கும் நீளமான முள் எர்த்துக்கானது. அது முதலில் உள்ளே போய்த்தான் மற்ற இரண்டு துளைகளின் மூடியைத் திறக்கும். இரண்டு முள் பிளக்கைச் செருகுவதற்காகப் பேனா மூடியால் மேல் துளையைக் குத்தித் திறப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். சதுரத்துக்குள் சதுரம் அடையாளம் உள்ள இரட்டைக் காப்புச் சாமான் என்றால் அதற்கு எர்த் தேவையில்லை. அதற்கும் சரியான அடாப்டர்தான் பாவிக்க வேண்டும். கேத்தல், பிரிஜ், அயன் போன்ற உலோக உடல் கொண்டவற்றின் எர்த் முள்ளை வெட்டிவிட்டுக் குத்திச் செருகுவதை எந்தக் காரணத்தாலும் நியாயப்படுத்த முடியாது.

கடைசியாக, மழைக்கு ட்ரிப் அடிக்கடி விழுகிறது என்று அதைத் தாண்டி நேரே வயர் கொடுப்பவர்கள். விழுகிறது என்றால் எங்கோ கசிகிறது. எல்லாப் பிரேக்கரையும் கீழே போட்டு, ட்ரிப்பை ஏற்றி, ஒவ்வொன்றாக மேலே போடுங்கள். எதைப் போடும்போது விழுகிறதோ அந்தப் பக்கத்துச் சாமான்களைக் கழற்றிவிட்டுத் திரும்பப் பாருங்கள். பெரும்பாலும் மோட்டாரோ வெளி லைட்டோ அகப்படும். எல்லாம் கீழே இருக்கும்போதே விழுந்தால் நியூட்ரல் எங்கோ எர்த்தில் தொட்டிருக்கலாம். அது தகுதிபெற்ற வயரிங்காரரின் வேலை, நீங்கள் கைவைக்காதீர்கள்.

இந்த வாடைக்கு முன், கச்சான் காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போதே வயரிங்காரரைக் கூப்பிடுங்கள். "எர்த் நல்லா இருக்கு" என்ற வாய்ச்சொல்லோடு அனுப்பிவிடாதீர்கள். மீற்றர் வைத்து அளந்து, எத்தனை ஓம் என்ற எண்ணையும் திகதியையும் பிரேக்கர் பெட்டி மூடியின் உள்பக்கத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள்.