எந்த மனிதன்?

“மனிதன் இயல்பிலேயே பேராசைக்காரன். அவன் இருக்கும்வரை மற்ற உயிர்களுக்கு வாழ்வில்லை.” சூழலியல் கூட்டங்களில் நாம் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. நம் மாணவத் தோழர்கள் சிலரும் இதையே சொல்கிறார்கள். சாதிச் சமூகத்தில் வாழும் நாம் இதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியாது. எந்த மனிதன் என்று கேட்டாக வேண்டும்.

பாறு கழுகுகளை எடுத்துக்கொள்வோம். ஒரு காலத்தில் செத்த மாடு கிடக்கும் இடமெல்லாம் கூட்டமாக இறங்கிய பறவைகள் அவை. 1990களில் மளமளவென மறையத் தொடங்கின. இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகள் 99 விழுக்காட்டுக்கும் மேல் அழிந்தன. பாகிஸ்தானில் நடந்த ஆய்வு 2004இல் காரணத்தைச் சொன்னது. மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து, செத்த மாட்டின் உடலில் தங்கி, அதைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்தது.

பாறுகளும் மாடுகளும் மனிதர்களும் பல நூற்றாண்டுகளாகச் சேர்ந்தே இருந்தவர்கள்தான். மனித இயல்பு 1990களில் திடீரென்று மாறிவிடவில்லை. சந்தைக்கு ஒரு மருந்து வந்தது. அதைப் பறவைகள்மீது சோதித்துப் பார்க்க யாருக்கும் கட்டாயம் இருக்கவில்லை. 2006இல் கால்நடைகளுக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது. மனிதர்களுக்கான பெரிய குப்பிகள் மாட்டுக்குப் போகத் தொடங்கியதும், 2015இல் குப்பியின் அளவு 3 மில்லியாகக் குறைக்கப்பட்டது. பாறுகளுக்குத் தீங்கு செய்யாத மெலாக்சிகாம் இருக்கிறது. அழிவும் மீட்பும் கொள்கை முடிவுகளால் வருபவை. ‘மனித இயல்பு’ என்று சொன்னால் முடிவெடுத்தவர்கள் தப்பிவிடுகிறார்கள்.

இந்தக் கதையில் விடுபட்ட மனிதர்களும் உண்டு. செத்த மாட்டை ஊருக்கு வெளியே இழுத்துப் போய்த் தோலுரித்தவர்கள் நம் மக்கள். தோலுரித்த உடலைப் பாறுகள் எளிதாகத் தின்று முடித்தன. அந்தப் பறவையை ‘இயற்கையின் துப்புரவாளர்’ என்று இன்று பாராட்டுகிறார்கள். அதே வேலையைச் செய்தவர்களுக்குக் கிடைத்த பெயர் தீட்டு. 2016 ஜூலையில் குஜராத்தின் ஊனாவில், செத்த மாட்டின் தோலை உரித்ததற்காகத் தலித் இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்தார்கள். அதன்பின் குஜராத் தலித்துகள் செத்த மாடுகளை அரசு அலுவலக வாசலில் போட்டார்கள். இனி அந்த வேலையைச் செய்ய மாட்டோம் என்றார்கள்.

பாறுகள் பிழைக்க அந்த வேலைக்கு நாம் திரும்ப வேண்டும் என்று யாராவது சொன்னால், அதை ஏற்க முடியாது. 1927இல் மகாடில், செத்த மாட்டு இறைச்சியைக் கைவிடுங்கள் என்று அம்பேத்கர் நம் மக்களிடம் சொன்னார். அங்குள்ள சவுதார் குளத்தில் ஆடுமாடுகள் தண்ணீர் குடிக்கலாம், நாம் தொடக்கூடாது என்பதே அன்றைய நிலை. விலங்குக்கு இருந்த உரிமைகூட நமக்கு இல்லை. அப்படிப்பட்ட நம்மையும் சேர்த்து ‘மனிதன் அழித்தான்’ என்று குற்றம் சாட்டுவது என்ன நியாயம்?

தமிழ்நாட்டில் எஞ்சிய பாறுகள் பெரும்பாலும் நீலகிரியின் மாயாற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டியே வாழ்கின்றன. அவற்றைக் காக்கும் வேலையில் நாமும் நிற்போம் தோழர்களே. மாட்டுக்கு எந்த மருந்து போடுகிறார்கள் என்று நம் ஊரில் விசாரிப்போம். செத்த மாட்டை அகற்றும் பொறுப்பு எந்தச் சாதியின் தலையிலும் விழாமல், இயந்திரமும் உரிய கூலியும் கொண்ட உள்ளாட்சிப் பணியாக வேண்டும் என்று கேட்போம். கூட்டத்தில் அடுத்தமுறை யாராவது ‘மனிதன்’ என்று தொடங்கினால், எந்த மனிதன் என்று எழுந்து கேட்போம்.