மாரி காலத்தில் கைவிடப்படும் மலசலகூடங்கள்

மாரி இறங்கிவிட்டால் மட்டக்களப்பில் வாவி எது, வயல் எது என்று தெரியாது. ஐப்பசியில் தொடங்கும் மழை தை வரை விட்டுவிட்டுப் பெய்யும். முகத்துவாரத்தை மணல் அடைத்திருந்தால், அதை வெட்டிவிடும் வரை வாவி நீர் தாழ்ந்த நிலங்களில் ஏறி நிற்கும். ஆனால் கட்டட வேலை நிற்பதில்லை. கூரை போட்ட கட்டடத்துக்குள் பூச்சும் தரை ஓடும் வயரிங்கும் நடந்துகொண்டே இருக்கும். அங்கே நிற்பவர்களில் எமது பிள்ளைகளும் உண்டு. 1977, 1983 வன்செயல்களின் பின் மலையகத்தை விட்டு வந்து இம்மாவட்டத்தில் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் சிலர். தோட்டத்து நாட்சம்பளம் போதாமல் மேசன் வேலைக்கு இறங்கி வந்தவர்கள் சிலர்.

கடந்த மாரியில் வாவிக்கரையோரத்து வேலைத்தளம் ஒன்றிலிருந்து எம்மிடம் முறைப்பாடு வந்தது. இருபது பேருக்கு ஒரேயொரு பிளாஸ்டிக் நடமாடும் மலசலகூடம். வாரத்துக்கு ஒரு தடவை பவுசர் வந்து கழிவை உறிஞ்ச வேண்டும் என்பது பேச்சு. மழை தொடங்கியதும் பவுசர் சேற்றில் இறங்க மறுத்தது. நாலாம் நாள் தாங்கி நிரம்பியது. ஆண்கள் பற்றைக்குப் போனார்கள். சல்லி சுமந்த மூன்று பெண்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதையே நிறுத்தினார்கள். அவர்களில் ஒருவர் சலக்கடுப்போடும் காய்ச்சலோடும் வீடு திரும்பினார். அந்த நாட்களுக்குச் சம்பளமும் இல்லை.

“மழைக்கு நாங்கள் என்ன செய்வது?” என்றார் கொந்தராத்துக்காரர். மழை மேல் பழி போடுவது இலகு. கணக்கைப் பார்ப்போம். இந்தப் பெட்டிகள் கடதாசி பாவிக்கும் நாடுகளுக்காக உருவாக்கப்பட்டவை. நாம் தண்ணீர் பாவிப்பவர்கள். ஒருவர் ஒரு தடவைக்கு 3 லீட்டர் ஊற்றினால் இருபது பேருக்கு நாளொன்றுக்கு 60 லீட்டர். தாங்கி 200 லீட்டர் என்றால் மூன்று நாளில் கதை முடிந்துவிடும். வாரத்துக்கு ஒரு தடவை என்ற ஏற்பாடு கோடையிலேயே பிழை. மழை அதை வெளியே காட்டியது, அவ்வளவுதான்.

“அப்படியானால் ஒரு குழி வெட்டுவோம்” என்பதும் இங்கே சரிவராது. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட எழுவான்கரை மணல் நிலத்தில் மாரியில் சிறிது தோண்டினாலே தண்ணீர் வரும். குழியில் விழுவது பக்கத்துக் கிணற்றுக்குப் போகும். 2011 ஜனவரி வெள்ளத்தின் பின் கிணறுகளை இறைத்துக் குளோரின் போட்டதை இங்குள்ளவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். நிவாரண முகாம்களுக்கான ஸ்பியர் கைநூல், குழியின் அடி நிலத்தடி நீர்மட்டத்துக்கு 1.5 மீற்றராவது மேலே இருக்க வேண்டும் என்கிறது. 20 பேருக்கு ஒரு மலசலகூடம் என்றும் சொல்கிறது. இருபது பேருக்கு ஒன்று இருந்ததே என்று கேட்பீர்கள். நிரம்பி வழிவதை நாம் கணக்கில் சேர்ப்பதில்லை.

செய்யக்கூடியவை பெரிய வேலைகள் அல்ல. பெட்டியை வேலைத்தளத்தின் பின்மூலையில் ஒளித்து வைக்காமல், பாதையோரமாகப் பவுசரின் குழாய் எட்டும் இடத்தில், கல் அடுக்கி உயர்த்திய மேடையில் வைக்க வேண்டும். வெறும் பெட்டி எடை குறைந்தது. வெள்ளத்தில் மிதக்கும், காற்றில் சரியும். ஆகவே நான்கு மூலையிலும் இறுக்கிக் கட்ட வேண்டும். கடும் மழை என்று வானிலை அறிவித்தல் வந்தால் அதற்கு முதல்நாளே தாங்கியை வெறுமையாக்க வேண்டும். பெண்களுக்குத் தனியாக, உள்ளே கொளுக்கியும் வெளிச்சமும் உள்ள ஒன்று வேண்டும்.

கனடாவில் எமது உறவினர் பலர் கட்டட வேலை செய்கிறார்கள். அங்கே தாங்கி நீர் உறையாமல் இருக்க உப்புக் கரைத்து விடுகிறார்கள். ஒன்ராறியோ மாகாணத்தில் 2023 ஜூலை முதல் பெரிய கட்டட வேலைத்தளங்களில் பெண்களுக்கென மலசலகூடம் சட்டப்படி இருக்க வேண்டும். பனிக்கு வழி கண்டவர்கள் உண்டென்றால் மழைக்கும் வழி உண்டு. சர்வதேச தொழில் தாபனத்தின் 1988 ஆம் ஆண்டு 167 ஆம் இலக்கச் சமவாயமும் கட்டட வேலைத்தளங்களில் ஆண், பெண் இருபாலாருக்கும் தனித்தனி வசதி கேட்கிறது.

சிக்கல் பணத்தில் இருக்கிறது. கேள்விப்பத்திரத்தில் மலசலகூடத்துக்கு ஒரு மொத்தத் தொகை போட்டுவிடுகிறார்கள். பவுசரை அழைக்காத ஒவ்வொரு தடவையும் அந்தக் காசு கொந்தராத்துக்காரரின் பையில் மிஞ்சும். பெட்டி வாடகையை வேறாகவும், ஒவ்வொரு தடவை கழிவகற்றுவதற்கான கட்டணத்தைப் பற்றுச்சீட்டின்படி வேறாகவும் கொடுத்தால் இந்தத் தந்திரம் எடுபடாது. அரச வேலைகளிலாவது பிரதேச சபைகளும் திணைக்களங்களும் இதை இந்த வருடமே தொடங்கலாம்.

எம்மவர்களுக்கும் ஒரு சொல். சீமெந்துப் பைத் துண்டையும் சோடாப் போத்தலையும் தாங்கிக்குள் போட்டால் பவுசரின் குழாய் அடைபடும். அடுத்த முறை அவர் வரமாட்டார்.

தேயிலை மலையில் கொழுந்து பறிக்கும் தாய்மாருக்கு இன்றும் பல இடங்களில் பற்றைதான் மறைவு என்பதை நாம் மறக்கவில்லை. அதை இங்கே பிள்ளைகளும் பழகிக்கொள்ள வேண்டியதில்லை.

கட்டட வேலைக்குப் போயிருக்கும் பிள்ளைகளிடம் இந்த வாரம் தொலைபேசியில் கேளுங்கள்: எத்தனை பேருக்கு எத்தனை, கடைசியாகப் பவுசர் வந்தது எப்போது, பெண்களுக்குத் தனியாக உண்டா? பதிலைக் கிளைத் தலைவரிடம் கொடுங்கள். பெயர் வெளியே வராது. ஐப்பசிக்கு முன் அந்தந்தப் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் தொழில் திணைக்களத்திடமும் எழுத்தில் கொடுப்போம்.